மயில்துத்தம் பட்ட சாக்கு

ஜேடர்பாளையம்
ஐப்பசி, 1986

அன்பு மகள் சௌந்திரத்துக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் டெல்லிக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். இங்கே ஆற்றில் தண்ணீர் போகிறது, மாடு கன்றுக்குக் குறைவில்லை, மனுசர்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பட்டுப்புழு செத்த அன்றைக்குக் கொட்டகை வாசலில் நின்றவர்கள் உன் பெரியப்பன் செங்கோட்டையன், பெரியம்மா கந்தம்மாள், உன் அண்ணன் மணியன், அவன் பெண்டாட்டி வசந்தாமணி, முசுக்கொட்டைத் தழை அறுக்கும் ஆண்டி, அப்புறம் நான். யார் எந்தப் பக்கம் நின்றார்கள், யார் வாயில் வெற்றிலை இருந்தது என்பதுகூட எனக்கு மறக்கவில்லை. தட்டில் இருந்த பட்டுப்புழு அத்தனையும் தோல் உரிக்க முடியாமல் சுருண்டு கிடந்தன. கந்தம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊட்டுக்குத் தூரமான பொம்பளை தொட்டாத்தான் இப்படி ஆவும் என்று ஆரம்பித்தாள். உன் கல்யாணத்தில் எனக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டவள் வேறு எப்படிப் பேசுவாள். வசந்தாமணிக்கு அது தூர நாள்தான், கொட்டகைக்குள் அவள் போகவில்லை. நான் உள்ள போவலீங்க, தழைக்கூடையத்தான் ஆண்டிகிட்ட எடுத்துக் குடுத்தனுங்க என்று அழுதாள். கூடையத் தொட்டா என்ன, புழுவத் தொட்டா என்ன, இவள அப்பன் ஊட்டுக்குப் பஸ் ஏத்தி உடு என்றார் உன் பெரியப்பன். உன் அப்பா போனதிலிருந்து அவர் சொல்வதுதானே இந்த வீட்டில் தீர்ப்பு. மணியன் வாய் திறக்கவில்லை. அவளை ராசிபுரத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டதும் அவன்தான்.

உன் ஆராய்ச்சிக்கூடத்தில் சோதித்துப் பார்க்க நீ கேட்டாய் என்று செத்த புழுவைச் சீசாவில் போட்டு வடக்கே போன லாரியில் கொடுத்தனுப்பினேன். அதற்கு நீ எழுதிய பதிலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நம் இரத்தம் சிவப்பது இரும்பால், புழுவுக்கு அப்படி இல்லை, ஆனால் தோல் உரித்ததும் வெளுத்திருக்கும் அதன் தலை நிறம் ஏறிக் கெட்டியாவதற்கு உடம்பில் துளியூண்டு செம்பு வேண்டும், அது தழையிலேயே கிடைத்துவிடும், அளவு மிஞ்சினால் அதே செம்பு குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும், இந்தப் புழுவில் செம்பு அதிகம் என்று எழுதியிருந்தாய். செம்பு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருந்தாய். உடனே கொட்டகைக்குப் போனேன். தழை வாடாமல் மூடிவைக்கும் ஈரச்சாக்கை விரித்துப் பார்த்தால் தையல் ஓரமெல்லாம் நீலம். வெற்றிலைக் கொடிக்காலில் அழுகலுக்குத் தெளிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைக்கிற பீப்பாயில் இருக்கிற அதே நீலம். மயில்துத்தம் செம்பிலிருந்து வருவதுதான் என்று நீதானே எழுதியிருந்தாய். ஆண்டியை நிறுத்திக் கேட்டேன். கெணத்துக்குப் போவ அலுப்புப்பட்டுக்கிட்டு மணியண்ணன்தானுங்க ஆத்தா பீப்பாயில முக்கிக் கொண்டாந்தாரு என்றான். அலுப்பில் செய்த தப்பென்றால் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். மணியனைக் கேட்டால், புழு செத்த அன்னைக்கே சாக்குல நீலத்தப் பாத்துட்டேன், பெரியப்பன் முன்னால எப்படிம்மா சொல்றது, பழி என் மேலதானே வரும் என்கிறான். பார்த்துவிட்டுத்தான் அவளைப் பஸ் ஏற்றியிருக்கிறான். ஒரு புழுவுக்கே தலை கெட்டியாகத் துளி செம்பு போதுமாம், இவனுக்கு நான் எதைக் குறைத்துப் பெற்றேனோ.

ராசிபுரம் போய் வசந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி கொடுத்தாள், அழவில்லை. செம்போ இரும்போ எனக்கெதுக்குங்க அத்தை, அவரு பாத்துட்டுச் சும்மா நின்னாருல்ல, அது போதும், நான் வாரதில்லீங்க என்றாள். வா என்று நான் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது.

அவள் தூரத்துக்கும் புழு செத்ததற்கும் சம்பந்தமில்லை என்று படித்தவளாக நீ அவள் அப்பாவுக்கு எழுதிப் போடு, மறந்துவிடாதே. ஆராய்ச்சியில் மருந்து தொட்ட கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதே. என் பேத்தி நோய்நொடி இல்லாமல் வளரட்டும், உன் தாலி நிலைக்கட்டும். அண்ணன் உன்னிடம் சமாதானம் பேசச் சொல்லி எழுதுவான், அவனுக்காக நீ பேச வராதே. கந்தம்மாளின் வாய் பிறவி வாய், விட்டுவிட்டேன். பெரியப்பன் தெரியாமல் சொன்னார், தீபாவளி கழித்து அவரோடு பேசுவதா என்று யோசிப்பேன். என் கட்டை வேகும் மட்டும் நான் மன்னிக்க முடியாதவன் ஒருத்தன்தான், நான் பெற்ற மணியன்.

உன் அம்மா
குப்பாயி