கோத்தார்ட் மலையில் உங்கள் மகன்

என் பிரியமான வீட்டுக்காரருக்கு,

குறுவை நட்டாயிற்று. ஒரத்தநாட்டு வயலில் தண்ணீர் நிற்கிறது. இதைச் சொன்னால்தான் மற்றதை நிம்மதியாகக் கேட்பீர்கள்.

போன மாதம் சுவிட்சர்லாந்தில் நம் செந்திலிடம் போயிருந்தேன். நீங்கள் கண்மூடும்வரை ஆசைப்பட்ட மலை ரயிலில் ஏறினேன்.

தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவே, மேடே இல்லாத வயல்வெளியில் காலமெல்லாம் ரயில் கார்டாகப் போய்வந்த மனுஷருக்கு மலையேறும் ரயில் மேல் ஏன் அவ்வளவு பித்து? ஜெர்மனியிலிருந்து இத்தாலிக்குப் போன எக்ஸ்பிரஸ்கள் கோத்தார்ட் மலையில் ஏறித்தான் கடந்தன என்பீர்கள். வளைந்து வளைந்து ஏறும்போது ஒரே மாதா கோயில் மூன்று முறை கண்ணில் படும் என்பீர்கள். இப்போது அடிவாரத்திலேயே புதுக் குகை குடைந்துவிட்டார்கள். எக்ஸ்பிரஸ் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது.

செந்தில் அதில் போகத்தான் நினைத்திருந்தான்.

"பழைய பாதையில போகலாம்டா."

"அது சுத்திச் சுத்திப் போகும்மா. நேரமாகும்."

"ஆகட்டும்."

மாதா கோயில் முதலில் தலைக்கு மேலே தெரிந்தது. பிறகு பக்கத்தில். பிறகு காலுக்குக் கீழே. நீங்கள் சொன்னதையெல்லாம் சொன்னேன். அந்த நாட்டிலேயே இருப்பவனுக்கு அது தெரியவில்லை.

"அப்பா இதெல்லாம் எப்பம்மா சொன்னாரு?"

"வேலை இருக்குன்னு நீ போனை வச்ச பிறகு, எங்கிட்ட."

சொல்லியிருக்க வேண்டாமோ? "அடுத்த கோடைக்கு வாங்கப்பா" என்று வருஷா வருஷம் தள்ளிப்போட்டவன் மேல் இருந்த கோபம் வாய்க்கு வந்துவிட்டது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரயில் மலைக்குள் இருந்த பழைய நீளமான குகைக்குள் புகுந்தது.

வெளிச்சம் வந்ததும் முதல் ஸ்டேஷனில் "இறங்கும்மா" என்றான். அந்தக் குகையை வெட்டும்போது செத்தவர்களுக்கு அங்கே ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். அதில், செத்துப்போன ஒருவனைக் கூட்டாளிகள் தூக்கிப் போகிறார்கள். அதன் முன்னால் நின்று செந்தில் உடைந்து அழுதான்.

"அப்பவே வரச் சொல்லியிருக்கணும்மா. வந்திருப்பாருல்ல?"

பயணத்துக்கென்று பெட்டி கூட வாங்கி வைத்திருந்தீர்களே! அதை நான் சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா வேற என்னம்மா சொன்னாரு?" என்றான். அடுத்த ரயில் வந்து போயிற்று. நாங்கள் ஏறவில்லை.

இப்போது போன் செய்தால் அவனாகவே உங்களைப் பற்றிக் கேட்கிறான். இனி அவனைக் குத்திக்காட்ட மாட்டேன். எனக்கு நீங்கள் சொன்னதையெல்லாம் ஆசையாகவே அவனுக்குச் சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மனைவி, செந்திலின் அம்மா,
தமயந்தி