பேச்சும் பதிவாகியிருந்தது

மார்ச் 4
கடைக்கு மதியத்துக்கு மேல்தான் போனேன். ஒரு மூக்குக்கண்ணாடிக்கும் லென்ஸ் மாட்டவில்லை. அக்காவைப் பல் டாக்டரிடம் காட்டிவிட்டுக் காரில் திரும்பும்போது சிக்னலில் சிவப்பு, நின்றோம். பக்கத்தில் ஒரு வேன் நிற்காமல் சீறிப் போய், குறுக்கே வந்த சைக்கிள்காரரை அடித்துத் தூக்கிப் போட்டது. போலீஸ்காரரிடம் என் நம்பரைக் கொடுத்தேன்.

மார்ச் 5
சைக்கிள்காரர் பிழைக்கவில்லை. ஏதோ குடியிருப்பில் வாட்ச்மேனாம்.

மார்ச் 9
அவருடைய மகள் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
"எங்கப்பாதான் சிக்னலை மதிக்காம குறுக்க வந்தார்னு வேன்காரன் சொல்லியிருக்கான் அண்ணா. ஆளே இல்லாத ரோட்டுலகூட சிவப்புன்னா இறங்கி நிக்கிற மனுஷன் அவர். உங்க கார்ல கேமரா இருந்துச்சுன்னு சொன்னாங்க."
இருக்கிறது. பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும் என்று அன்றைக்கே மெமரி கார்டைக் கழற்றி வைத்திருந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தேன். சிவப்பு விளக்கு, வேன், எல்லாம் பளிச்சென்று. அதற்கு முன்னால் அக்காவின் குரல்!
"பசங்க படிச்சு முடிக்கட்டும்டா. அப்புறம் ஒரு நாள்கூட உங்க மாமாவோட இருக்க மாட்டேன். ஓங்கின கையைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுசு போச்சு."
பேச்சும் பதிவாகும் என்று எனக்கே தெரியாது. வாங்கி மாட்டியதோடு சரி.

மார்ச் 11
பக்கத்து மருந்துக்கடைக்காரர், "நெட்ல போட்டு விடுங்க, ஊரே பேசும்" என்றார். நல்லவேளை, கண்ணாடி வாங்க வரும் வக்கீலிடம் பதிவைக் காட்டிக் கேட்டேன்.
"போட்டுடாதீங்க சார். செத்தவர் முகம் தெரியுது. அந்தக் குடும்பத்துக்கும் கேடு, உங்களுக்கும் வம்பு."
அக்கா பேச்சை மட்டும் வெட்டிவிட்டால்?
"கை வெச்ச பதிவுன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. அழிச்சீங்கன்னா சாட்சியத்தை அழிச்ச ஆளாகிடுவீங்க. அப்படியே முழுசா கொடுக்கணும். எதிர்த்தரப்புக்கும் ஒரு நகல் போகும்." பிறகு, "பேச்சு பதிவாகுதுன்னு உங்க அக்காகிட்ட சொல்லியிருந்தீங்களா?"
இல்லை.
"சொல்லியிருக்கணும் சார். கார் உங்களுது, பேச்சு அவங்களுது."

மார்ச் 12
சொல்லாமலே கொடுத்துவிட்டால்? வண்டியில் இருந்தவள் என்று அக்காவையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்களே. மாமா அவளைக் கோர்ட்டுக்குத் தனியாக அனுப்புவாரா? எல்லார் முன்னாலும் அவர் காதில் அது விழ வேண்டுமா? ஒரு பக்கம் செத்தவர் பேர், ஒரு பக்கம் இருக்கிறவள் வாழ்க்கை. எனக்கு ஏன் இது?

மார்ச் 14
அக்காவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.
"உன்கிட்ட மட்டும்தானேடா சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 16
அக்கா போன் எடுக்கவில்லை.

மார்ச் 19
அவளே கூப்பிட்டாள்.
"கொடுத்துடுடா. அந்தப் பொண்ணு பாவம். கோர்ட்ல அவர் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்."
"மாமா என்ன சொன்னார்?"
"என்னை வந்து கூட்டிட்டுப் போ."
"பசங்க?"
"வரலைன்னுட்டாங்க."

மார்ச் 20
கார்டை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுப் பின்னறையில் இருந்த லென்ஸ் பெட்டிகளை ஹாலுக்கு மாற்றினேன். அக்கா இப்போது பின்னறையில்தான் படுத்திருக்கிறாள்.

ஏப்ரல் 2
இன்று அவளுடைய சின்னவனுக்குப் பிறந்தநாள். அவள் போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை.

செப்டம்பர் 23
இன்று கோர்ட்டில் பதிவைப் போட்டார்கள். அக்கா குரல் ஆரம்பித்ததுமே நீதிபதி கையைக் காட்டி, "சத்தம் வேண்டாம், நிறுத்துங்க. படம் போதும்" என்றார். அவ்வளவு லேசாக. மாமா வரவில்லை. சிவப்பு விளக்கை எல்லாரும் பார்த்தார்கள். வாட்ச்மேனின் மகள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வெளியே காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அக்கா முன்கண்ணாடியில் இருந்த கேமராவைப் பார்த்தாள், ஏறவில்லை.
"நீ போடா. நான் பஸ்ல வர்றேன்."
இரண்டு பேரும் போக வேண்டியது ஒரே வீட்டுக்குத்தான்.