எனி கொஸ்டியன்ஸ்?

செவ்வாய், 14 ஆகஸ்ட் 1984

ஃபாக்டரியில் தினமும் வேலை தொடங்குமுன் எங்கள் சீன மானேஜர் இங்கிலீஷில் பேசுவார். லைன் லீடர் சரோஜா அக்கா எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். கடைசியில் மானேஜர், "எனி கொஸ்டியன்ஸ்?" என்பார். அக்கா, "சரி, கெளம்புங்க" என்பார். நாங்களும் மெஷினுக்குப் போய்விடுவோம்.

இன்று அக்கா லீவு. புதிதாக வந்த மேரிதான் தமிழில் சொன்னாள். கடைசியில், "யாருக்காச்சும் ஏதாச்சும் கேக்கணுமா?" என்றாள்.

இதுவரை யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை. பிறகு லெட்சுமி மெதுவாக, "ஈயம் பத்தவைக்கிற புகையில தலை வலிக்குது. ஃபேன் வைக்க மாட்டாங்களா?" என்றாள். மேரி அப்படியே மானேஜரிடம் சொன்னாள். அவர் கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்! "வேற என்ன?" என்றாராம்.

கடல் தாண்டி வீட்டுக்கு ஃபெர்ரியில் வரும்போதும் இதே யோசனை. வீட்டில் தங்கையிடம், 'எனி கொஸ்டியன்ஸ்?' என்றால் 'கெளம்புங்க'தானே என்று கேட்டேன். அவள் டைப்பிஸ்ட். "ஏதாச்சும் கேக்கணுமான்னுதான்லா அர்த்தம். கெளம்புங்கன்னு எங்கயும் அர்த்தம் இல்லக்கா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரோஜா அக்கா ஏன் அப்படிச் சொன்னார்? நேரமாகிவிடும் என்றா? நாங்கள் எதையாவது கேட்டு வேலை போய்விடும் என்றா? எங்களுக்குக் கேட்க ஒன்றுமே இல்லை என்றல்லவா அந்த மனிதர் இத்தனை நாளும் நினைத்திருப்பார்?

நாளை அக்கா வந்துவிடுவார். "சரி, கெளம்புங்க" என்பார். நான் நகரப்போவதில்லை.

என்ன கேட்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.