அடுப்பில் வைத்தால் அழாதா?

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவின் இருமல் அடங்கியதா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

என் கைக்கு மாவு பொங்கவே பொங்காது என்று கேலி செய்வீர்களே, இன்று பொங்கியது! பக்கத்து அறை நர்ஸ் கொடுத்த ஈஸ்டைப் போட்டு, ரொட்டி சுடலாமென்று பிசைந்து மூடி வைத்தேன். சாயங்காலம் வீடியோவில் பேசும்போது நீங்கள் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாலை இறக்கப் போனீர்களே, அப்போது பாத்திரத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து கோபித்துக்கொண்டு போன் பக்கமே வராத பாப்பா மெதுவாக எட்டிப் பார்த்தாள்.

"அது மூச்சு விடுதா?"

"ஆமாடி, உள்ள குட்டிக் குட்டி உயிர் இருக்கு. சர்க்கரையத் தின்னுட்டுக் காத்து விடுது."

"அப்ப அடுப்புல வெச்சா அதுங்க அழாதா?"

கெமிஸ்ட்ரி படித்தவள்தான், ஆனாலும் பாத்திரத்தை மூடிவிட்டேன். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

"மறக்காம சொல்லணும்" என்று மிரட்டிவிட்டு ஓடிவிட்டாள்.

ரொட்டி அடியில் கொஞ்சம் தீய்ந்துவிட்டது, அவ்வளவுதான். மாவை மூட மெல்லிய துணி வேண்டும் அத்தை. பாப்பாவுக்குச் சின்னதாகிப்போன கவுன் ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், இங்கே நான் துவைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகன் இந்த மெயிலை வாசித்துக் காட்டும்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டாம். அதே கேள்வியை உங்களிடம் கேட்டாலும் பதில் சொல்லிவிடாதீர்கள். அம்மாவுக்குத்தான் தெரியும் என்று சொல்லுங்கள்.

கண் சொருகுகிறது, விடிந்தால் வேலை.

உங்கள் மருமகள்