மாத்திரை வாங்கிய வெற்றிலை

கந்தப்பளை
24.02.2025

அன்புள்ள கிருஷாந்தி அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். போனில் சொல்ல முடியாது. அப்பா பிடுங்கிப் பேசிவிடுகிறார். ஆமாம், நம் அப்பாதான்!

அப்பாவின் மூச்சிழுப்புக்கு ஆஸ்பத்திரியில் புது வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். நான்காம் நாளிலிருந்து அப்பா வேறு ஆள். விடியுமுன் எழுந்து லயத்து வீடுகளின் சாக்கடைக் கானை முழுவதும் கழுவுகிறார். காலையில் ஆள் கூடும் பெரட்டில் வேலை பிரிக்கும்போது பாடுகிறார். "என்னாய்யா முத்துலிங்கம், ரெண்டாங் கல்யாணமா?" என்று வேலை பிரிக்கிற கண்டாக்கையாவே கேட்டார். அம்மாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்.

நேற்று, காமன் கூத்தில் ரதி வேஷம் கட்ட எல்லார் முன்னாலும் வெற்றிலை வாங்கிவிட்டார். வாங்கினால் திருப்பிக் கொடுக்கக் கூடாதே!

எல்லாம் மாத்திரையால்தானோ? டாக்டரிடம் சொன்னால் பேசாத அப்பா திரும்பிவிடுவார். அம்மாவின் சிரிப்பும் போய்விடும். சொல்லவா?

தங்கை,
லோஜினி

தாதியர் விடுதி, கண்டி
27.02.2025

என் செல்ல லோஜிக்கு,

சொல். நாளைக்கே. அந்த மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்து மனதைத் துள்ள வைக்கும். சிலரை அழவும் வைக்கும். நீயாக நிறுத்திவிடாதே. டாக்டர் குறைக்கட்டும்.

அப்பாவை ரதியாக நினைத்து வார்டிலேயே சிரித்துத் திட்டு வாங்கினேன்.

அன்பு அக்கா

கந்தப்பளை
14.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னேன். டாக்டர் மாத்திரையைக் குறைத்து, போன வாரம் நிறுத்திவிட்டார். இழுப்பு இல்லை. பேச்சும் இல்லை.

அம்மா தன் கூறைச் சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, "வெத்தல வாங்குனது மாத்திரைங்க, நீங்க இல்ல. வேணாம்னா நான் போயி சொல்லிர்றேன்" என்றார்.

அப்பா சேலையை வாங்கிக்கொண்டு, "வாங்குன கை என்னோடதுதானே" என்றார்.

நேற்றுப் போயா, பௌர்ணமிக் கூத்து. மன்மதன் எரிந்து சாம்பலாகிவிட்டான். ரதி அழ வேண்டும். அப்பா மரம்போல நின்றார். தப்பு மேளம் அடிப்பவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அப்போது கூட்டத்திலிருந்து அம்மா கத்தினார்: "அடியே ரதி, புருசன் போயிட்டான், அழுவுடி! ஏஞ் சேலையக் கட்டிக்கிட்டு சும்மாவா நிக்கிற?"

கூத்துப் பொட்டலே உருண்டு சிரித்தது. அப்பாவும் சிரித்தார். மாத்திரை இல்லாமல், அக்கா! பிறகு குரல் உடைய உடைய ஒப்பாரி பாடினார். எதற்கும் அழாத காளியாயி மாமிகூட மூக்கைச் சிந்தினார்.

இன்று அப்பா பேசியது மொத்தம் ஆறு வார்த்தை, எண்ணினேன். இப்போது அம்மாவின் காதில் ஏதோ சொல்கிறார், அதை எண்ண முடியவில்லை. அம்மா முந்தானையால் மூடாமலே சிரிக்கிறார். எழுத்து கோணினால் மன்னிக்கவும், லைட்டை அணைத்துவிட்டார்கள்.

லோஜினி