கணினி சொன்னதும் குணா படித்ததும்

10, திங்கள்

காலையிலேயே மழை. செனாய் ஊரிலிருக்கும் கம்பெனிக்கு வந்து சேர்வதற்குள் பஸ் ஜன்னல் ஒழுகிப் பை நனைந்துவிட்டது. சாப்பாடு மட்டும் தப்பித்தது.

ஸ்டோர் கணினியில் மறுபடியும் அந்தச் சிவப்புத் திரை. ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல. உங்கள் தகவல்களை யாராவது திருட முயலலாம்.’ சரக்குப் பதிவுப் பக்கம் திறக்கவில்லை. போன வாரமும் இதே கதை. நான் பேசாமல் பக்கத்துக் கணினிக்கு மாறிக்கொண்டேன். புஷ்பம் அக்காவால் முடியாது, அவருக்குக் கொடுத்தது அந்தச் சிவப்புத் திரைக் கணினி ஒன்றுதான். பதினெட்டு வருடமாக இந்த ஸ்டோரில் இருப்பவர்.

பத்தரைக்கு சூப்பர்வைசர் குணா வந்தார். திரையைப் பார்த்தார்.

"என்னக்கா, கண்ட கண்ட படம்லாம் பாத்தீங்களா? அதான் வைரஸ் வந்துருச்சு."

"ஐயோ தம்பி, நான் சரக்கு நம்பர் மட்டும்தான் அடிக்கிறேன்."

"அப்புறம் திருடன் எப்படி வர்றான்? சும்மாவா வருவான்?"

பேக்கிங் ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை.

11, செவ்வாய்

பு. அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம். கையில் கொடுத்தால் போதாதா? காலைக் கூட்டத்தில் நிற்க வைத்துப் படித்தார் குணா. ‘கம்பெனிக் கணினியில் தகாத இணையப் பக்கங்கள்.’ இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும்.

ஐம்பத்து நான்கு வயதுப் பெண்ணைப் பற்றி! விசாரித்தாரா? இல்லை.

சாயங்காலம் ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினோம். ரெங்கத்தில் இறங்கும்போது அக்கா, "தேவி, என் மருமவனும் இங்கதான வேல செய்றாரு. அவரு மொகத்துல எப்படிம்மா முழிப்பேன்?"

கோபம். பாதி குணா மேல். பாதி என் மேல்.

12, புதன்

பு. அக்கா எம்.சி., உடம்பு சரியில்லை என்று லீவு. அவர் கணினியில் என்னை உட்காரச் சொன்னார்கள். போட்டதும் சிவப்புத் திரை. அக்கா வீட்டில் இருக்கிறார், திருடன் மட்டும் தவறாமல் வேலைக்கு வந்திருக்கிறான்!

இந்த முறை மூடவில்லை. ‘மேலும் விவரம்’ என்ற சின்ன எழுத்தை அமுக்கி, கடைசி வரி வரை படித்தேன். கணினியின் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், என்கிறது. மூலையில் பார்த்தேன். ஜனவரி 1. அதுவும் பத்து வருடத்துக்கு முந்தையது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ், அது செல்லத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கணினி பழைய தேதியில் நின்றால், நல்ல சான்றிதழையும் செல்லாது என்று சொல்லிக் கத்தும். தேதியைத் திருத்தினேன், பக்கம் திறந்தது. ஒரு நிமிடம் ஆகவில்லை. இதற்கா ஒரு மனுஷியின் மானம்?

குணாவிடம் போய்ச் சொன்னேன்.

"சரியாயிருச்சில்ல? வேலையப் பாரு லா."

"அக்கா லெட்டரு?"

"அது வேற விஷயம்."

13, வியாழன்

மறுபடியும் ஜனவரி 1. "பாத்தியா, வைரஸ்தான்" என்று குணாவுக்கு ஒரே சந்தோஷம்.

இடி மின்னலுக்குப் பயந்து காவலாளி தினமும் சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைக்கிறார். மின்சாரம் இல்லாதபோது தேதியைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி. அது செத்துவிட்டது. மதியம் கடிகாரக் கடையில் ஒன்று வாங்கினேன், சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிது. ப்ளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, மாற்றினேன். எதையாவது உடைத்தால் அடுத்த கடிதம் எனக்கு. ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

கையோடு மற்றவையும்:
– ‘பிரிண்டர் தொடர்பில் இல்லை.’ கேபிள் கழன்றிருந்தது.
– ‘டிஸ்கில் இடமில்லை.’ குணா போட்டு வைத்த கால்பந்து வீடியோக்கள். நூற்றுக்கணக்கில்!

இத்தனைக்கும் இவ்வளவு நாள் குணா சொன்ன காரணம், "அக்கா கை பட்டாலே கெட்டுப்போவுது."

14, வெள்ளி

சுவிட்சைப் போட்டேன். இன்றைய தேதி. அதையும் படம் எடுத்துக்கொண்டேன்.

படங்களோடு நேராக எச்.ஆர். மேடத்திடம். அவர் குணாவைக் கூப்பிட்டார்.

"சரி மேடம், லெட்டர கிழிச்சிடலாம். சின்ன விஷயம்தான்."

சின்ன விஷயமாம்!

பு. அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"கிழிக்க வேணாம்னு சொல்லு தேவி. எல்லாரும் பாக்கத்தான படிச்சாரு? தப்புன்னும் எல்லாரும் பாக்கப் படிக்கட்டும். இல்லன்னா நான் வரல."

இதை மேடத்திடம் சொல்ல எனக்கே பயம். சொல்லிவிட்டேன்.

17, திங்கள்

வெயில். பு. அக்கா வந்தார். இஸ்திரி போட்ட சீருடை, தலையில் மல்லிகை. எனக்கு ஒரு டப்பாவில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு.

கூட்டத்தில் மேடமும் நின்றார். குணா காகிதத்தை எடுத்தார். இரண்டே வரி. குற்றச்சாட்டு தவறு, கடிதம் திரும்பப் பெறப்படுகிறது. சட்டைப் பாக்கெட்டுக்குள் சொல்வது போல முணுமுணுத்துவிட்டுக் காகிதத்தை மடிக்கப் போனார்.

பின்வரிசையிலிருந்து பு. அக்கா.

"கேக்கல தம்பி. கொஞ்சம் சத்தமா."

மறுபடியும் படித்தார்.