உள்ளானைக் கொன்ற மச்சானுக்கு

என் அருமை மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே தபால் வசதி எப்படி என்று தெரியாததால், இந்தக் கடிதத்தை நம் வாசகர்கள் எல்லோரும் படிக்கும்படி அச்சிலேயே போடுகிறேன். யாராவது ஒருவர் உன்னிடம் கொண்டுவந்து சேர்க்காமலா போய்விடுவார்? அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாகவே வரட்டும்.

நம்மைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ என் மனைவி செல்வியின் அண்ணன், நில அளவை சர்வேயர். நான் கோரிமேட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவன். இருவரும் சேர்ந்து ஏழு நாவல்கள் எழுதினோம். ஏழுமே கழிமுகத்தார் கதை.

ஆறு கடலில் சேரும் இடத்தில் மடம் கட்டி வாழும் போர்த்துறவிகள் அவர்கள். கையில் ஒரு கோல், அவ்வளவுதான் ஆயுதம். துறவு பூணும்போது சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஒரு நீர்ப்பறவையின் பெயரை எடுத்துக்கொள்வார்கள். ஏறிவரும் அலையை மூச்சுக்குள் பிடித்து நிறுத்தத் தெரிந்தவர்கள். இப்படி ஒரு கூட்டம் எந்த நாட்டிலும் இருந்ததில்லை. ரெட்டியார்பாளையத்தில் உன் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாம் உண்டாக்கியது. மடத்தின் வரைபடத்தை நீ அளவு பிசகாமல் போட்டு வைத்திருந்ததால், நம்மைப் பார்க்க வந்த ஒருவர் அது எந்த ஊர் என்று பஸ் ரூட் விசாரித்தார்.

நான் பெண் பார்க்க வந்த அன்றே இது தொடங்கிவிட்டது. காபி ஆறிப்போகும் வரை உன்னோடு கதைப் புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "என்னப் பாக்க வந்தீங்களா, எங்கண்ணனப் பாக்க வந்தீங்களா?" என்று செல்வி இன்றைக்கும் கேட்கிறாள்.

ஒரு ரகசியத்தை இப்போது ஊரறியச் சொல்கிறேன். கழிமுகத்தாரின் சம்பிரதாயங்களில் முக்கால்வாசி என் தப்புகள். முதல் புத்தகத்தில் ஒரே சண்டைக்குள் கோலை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி எழுதிவிட்டேன். கடலூர் வாசகர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். நீ அசரவில்லை. "தண்ணி ஏறும்போது வலது கை, வடியும்போது இடது கை, அதான் மடத்து விதி" என்று பதில் எழுதிப் போட்டாய். அன்றிலிருந்து ஒவ்வொரு சண்டைக்கும் கடல் எந்த நேரத்தில் ஏறும் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. வீராம்பட்டினத்தில் மீன் விற்கும் அக்கா, "மருந்துக்கடக்காரருக்கு எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தது உனக்கு நினைவிருக்கிறதா?

தப்பிலிருந்து பிறக்காத சம்பிரதாயம் என்றால் 'காயம் காட்டுதல்' ஒன்றுதான். சண்டைக்கு முன்னால் துறவி தன் உடம்பில் எங்கே காயம் என்று எதிரிக்குக் காட்டிவிட வேண்டும். அது வேண்டாம் என்று உன்னோடு ஒரு மாதம் மல்லுக்கு நின்றேன்.

"எங்க அடிச்சா வலிக்கும்னு எதிரிக்கே சொல்லிக் குடுக்கறவன் துறவியா, லூசா?"

"மாப்ள, காயத்த மறைச்சிக்கினு சண்ட போட்டா பாதி பலம் மறைக்கறதுக்கே போய்டும். காட்டிட்டா ரெண்டு கையும் ஃப்ரீ."

பிறகு நாலாம் புத்தகத்தில் உள்ளானைக் கொன்றாய். குள்ளமான, வாயாடியான கிழட்டுத் துறவி. ஆற்றின் தென்கரையில் படகுகளுக்காகக் கல்லில் ஒரு விளக்குத்தூண் கட்டிக்கொண்டிருந்தவரை, பாதித் தூணிலேயே முடித்துவிட்டாய். வேண்டாம் என்று கெஞ்சினேன். நீ கேட்கவில்லை. உள்ளான் பேசும் வரிகள் எல்லாம் உன் குரலில்தான் என் காதில் விழும் என்பதை அப்போது உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

எட்டாம் புத்தகத்தைத் தனியாக எழுதினேன். உன் நாற்காலியில் செய்தித்தாள்களை அடுக்கிவைத்துவிட்டு எழுதினேன், காலியாக இருந்தால் பார்க்க முடியவில்லை. சில நாள் எழுதினேன், பல நாள் அழுதேன். முடித்தபோது இனி என்னால் ஆகாது என்று தீர்மானித்துவிட்டேன். போன மாதம் பள்ளிக்கூட ஹால் ஒன்றில் வாசகர் கூட்டம் நடந்தது. 'கழிமுகத்தார் கதை இத்துடன் முடிகிறது' என்று எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். செல்வியிடம்கூடச் சொல்லவில்லை.

நான் தாளை எடுப்பதற்குள் பூங்கோதை எழுந்தாள். டூட்டி முடிந்து பஸ் ஏறுமுன் நம் கடைக்கு வந்து கதை பேசிவிட்டுப் போவாளே, அந்த நர்ஸ்தான்.

"சார், ஒரு சந்தேகம். உள்ளான் நாலாவது புக்லயே செத்துட்டாரு. நான் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. இந்தப் புக்ல மடத்து சபையில வாசல ஒட்டி உக்காந்திருக்காரே, எப்படி?"

ஹால் முழுக்கச் சிரித்தது. புதிதாக ஒரு சம்பிரதாயம் வரப்போகிறது என்ற சந்தோஷம் அவர்களுக்கு. மூன்று முறை ப்ரூஃப் பார்த்தவன் நான், ஒரு முறைகூட என் கண்ணில் படவில்லை. நீ இருந்திருந்தால் தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பித்திருப்பாய். எனக்குத் தெரிந்த ஒரே வழி உன் துறவிகளின் வழி.

"சம்பிரதாயம் இல்லம்மா, தப்பு" என்றேன். "உள்ளான் பேசறப்ப எங்க மச்சான் கொரலுதான் எனக்குக் கேக்கும். மச்சான் போனதுக்கப்புறம் எழுதன புக் இது. கை தானா அவரையும் உக்கார வச்சிடுச்சி. எனக்குக் காயம் அங்கதான்."

பூங்கோதை மெல்ல, "அப்ப அடுத்த பதிப்புல எடுத்துடுவீங்களா சார்?" என்றாள். எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி, தாளுக்காகச் சட்டைப்பையில் கையை விட்டேன்.

"எதுக்கு எடுக்கணும்?"

முன்வரிசையில் உன் தங்கை எழுந்து நின்றாள், மச்சான். 'உங்க சாமியாருங்க சண்டயெல்லாம் எனக்கு வேணாம்' என்று இத்தனை வருஷமும் ஒரு பக்கம்கூடப் படிக்காதவள் என்று நான் நம்பியிருந்த செல்வி.

"உள்ளான் வெளக்குத்தூண பாதியில வுட்டுட்டுப் போனாரு. இன்னி வரைக்கும் யாராவது கட்டி முடிச்சாங்களா? இல்ல. வேலய பாதியில வுட்டவருக்கு அது முடியற வரைக்கும் சபையில எடம் உண்டு. அதான் மடத்து வழக்கம். அவரு பேசனாருன்னா எழுதியிருக்கு? உக்காந்திருந்தாருன்னுதான எழுதியிருக்கு?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். தாளைச் சட்டைப்பைக்குள்ளேயே கசக்கிவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் கேட்டேன், "எப்ப படிச்ச?"

"அண்ணன் எழுதி முடிச்சா மொதல்ல எனக்குத்தான் குடுக்கும். இந்தப் புக்க மட்டும் நீங்க கடைக்குப் போனப்பறம் படிச்சேன். உங்க தப்புக்கெல்லாம் ஒரே ராத்திரில அதுவா பதில் யோசிச்சிதுன்னு நெனச்சீங்களா? பாதி என்னுது. வலது கை இடது கை நான் சொன்னது."

அடப்பாவி! எத்தனை ஞாயிற்றுக்கிழமை உன் மூளையை மெச்சி உனக்கு வறுத்த வஞ்சிரம் வாங்கிக் கொடுத்திருப்பேன்? உன் மேல் கோபம் வந்தது. சிக்னலில் நின்றபோது அது சிரிப்பாக மாறி, பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கும் தொற்றிக்கொண்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் எதிர் நாற்காலியில் செல்வி இருக்கிறாள். ஒன்பதாம் புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறது. உன்னைவிட மோசம் இவள். ஒரே வாரத்தில் இரண்டு துறவிகளைக் கொல்லப் பார்த்தாள், ஒருவரைத்தான் காப்பாற்ற முடிந்தது. ஆனாலும் சொல்கிறேன், இதுவரை நாம் எழுதியதிலேயே நல்ல புத்தகம் இதுதான். உனக்குப் பொறாமையாக இருந்தால் இருக்கட்டும்.

போன வாரம் பதிப்பாளர் போன் செய்தார். அடுத்த பாகத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் மொத்தமாகச் சேர்த்து ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் என்றார். நல்ல யோசனைதான். செல்வியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டவில்லை, நானும் ஆட்டவில்லை.

போனவர்களுக்கு வாக்குக் கொடுக்கிறவர்கள், நீ விட்டுப்போன வேலையை முடித்து வைக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். நான் முடிக்க மாட்டேன், மச்சான். அந்தத் தூணில் புத்தகத்துக்கு ஒரு கல்லுக்கு மேல் எவனையும் வைக்க விடமாட்டேன். எனக்குப் பிறகு எழுத வருகிறவர்களிடமும் அதையே கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். அதுவரை வாசலோரத்து உன் இடத்தை விட்டு எழுந்து போய்விடாதே.

உன் தங்கை புருஷன், என்றும் உன் மாப்பிள்ளை,
ஞானவேலு